கடன் பொறி, கவர்ச்சி, கட்சிப் பள்ளி: சீனச் செல்வாக்கைப் பற்றிய மூன்று விளக்கங்கள்

சீனா ஏழை நாடுகளில் எப்படிச் செல்வாக்கு பெறுகிறது என்று தமிழில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கடன் கொடுத்துச் சிக்க வைக்கிறது. உதாரணம் கேட்டால் அம்பாந்தோட்டை. நாளிதழ் நடுப்பக்கம், யூடியூப் வீடியோ, ஆபீஸ் வாட்ஸப் குழு எல்லா இடத்திலும் இதே கதை இதே வரிசையில் வருகிறது. சீனா கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தது, இலங்கையால் கட்ட முடியவில்லை, துறைமுகத்தை 99 வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டது. கந்துவட்டிக்காரன் கதை நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் சட்டென்று மனசில் ஒட்டிக்கொள்கிறது.

நான் பொருளாதாரமோ சர்வதேச உறவுகளோ படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு சிஸ்டம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று ஒருவர் விளக்கம் சொன்னால், அந்த விளக்கத்தை வைத்து அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் மூன்று விளக்கங்களை அந்தப் பழக்கத்தோடு படித்துப் பார்த்ததன் குறிப்புகள் இவை. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றுமே ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன என்பது என் கட்சி.

1. பொறி

'கடன் பொறி ராஜதந்திரம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டெல்லியைச் சேர்ந்த பிரம்மா செல்லானி. 2017 ஜனவரியில் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலிருந்து அது கிளம்பியது. அந்த வருஷம் ஜூலையில் அம்பாந்தோட்டை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வருஷத்துக்குள் அமெரிக்க அமைச்சர்கள் வாயில் அந்தச் சொல் புகுந்துவிட்டது.

இப்போது விவரங்களைப் பாருங்கள். அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டும் யோசனை சீனாவுடையது அல்ல. கனடாவின் எஸ்.என்.சி. லாவலின் நிறுவனம் 2003-இலும், டென்மார்க்கின் ராம்போல் நிறுவனம் 2006-இலும் சாத்தியக்கூறு அறிக்கைகள் எழுதின. மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் அது. முதல் கட்டத்துக்கு 2007-இல் சீன எக்ஸிம் வங்கியிடமிருந்து 30.7 கோடி டாலர், 6.3 சதவீத வட்டி. இரண்டாம் கட்டத்துக்கு 75.7 கோடி டாலர், 2 சதவீத வட்டி. 2017-இல் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்துத் துறைமுகத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. இலங்கைத் திறைசேரி அதைத் தொடர்ந்து கட்டவேண்டி இருந்தது. அதாவது, கடனுக்கு ஈடாகச் சொத்தைப் பிடுங்கியது என்ற கதையின் நடு முடிச்சே நடக்கவில்லை.

அந்தக் கையிருப்பு ஏன் தேவைப்பட்டது? இலங்கை 2007-லிருந்து சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரங்கள் விற்றுக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. அவை முதிர்வுக்கு வரத் தொடங்கியிருந்தன. உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவல இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, 2021 முடிவில் இலங்கையின் பொது வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று கணக்கிட்டது. வழக்கமாகச் சொல்லப்பட்ட 10 சதவீதத்தைவிட இது இரு மடங்கு. ஆனாலும் பத்திரக் கடன் அதைவிடப் பெரியது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை கடனைக் கட்டுவதை நிறுத்தியது. பொறிக் கதை சரியென்றால் அடுத்தடுத்துச் சொத்துகள் பறிபோயிருக்க வேண்டும். எதுவும் பறிபோகவில்லை. 2023 அக்டோபரில் எக்ஸிம் வங்கி சுமார் 420 கோடி டாலர் கடனை மறுசீரமைக்கச் சம்மதித்தது. மற்ற கடன்காரர்களைப் போல இழுத்தடித்துத்தான் சம்மதித்தது, அது வேறு விஷயம்.

டெபோரா பிராட்டிகமும் மெக் ரித்மயரும் 2021-இல் அட்லாண்டிக் இதழில் எழுதியபோது கடன் பொறி ஒரு கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுரை சொன்ன விவரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு பழக்கத்தோடுதான் சண்டை. கட்டுக்கதையை உடைத்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பொறி இல்லை, ஆகவே அரசியலும் இல்லை, வெறும் வியாபாரம் என்கிறார்கள். இது அடுத்த தப்பு.

அதே 2021-இல் எய்ட்டேட்டா உள்ளிட்ட நான்கு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, 24 நாடுகளோடு சீன அரசு நிறுவனங்கள் செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து ஓர் அறிக்கை போட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. காரணம் எளிது. மற்றவர்கள் ஊகிக்கும்போது இவர்கள் மூல ஆவணத்தைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்தவற்றில் சீன வளர்ச்சி வங்கியின் எல்லா ஒப்பந்தங்களிலும், சீனாவுடனான ராஜதந்திர உறவை முறித்தால் அது கடன் மீறலாகக் கருதப்படும் என்ற ஷரத்து இருக்கிறது. 2014-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு ஷரத்துகள் இருக்கின்றன. கடன் வாங்கிய அரசு அதன் நிபந்தனைகளைத் தன் மக்களிடமே சொல்லக்கூடாது.

செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு அந்த ரகசிய ஷரத்துதான் தெரிகிறது. அது இரண்டு பேருக்குப் பயன்படுகிறது. கடன் கொடுத்தவருக்கு, வேறு நாடு அதே சலுகை கேட்டு வராது. வாங்கிய அரசியல்வாதிக்கு, சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டாம். கென்யாவில் மொம்பாசா–நைரோபி ரயில் பாதைக்கு 2014-இல் போட்ட கடன் ஒப்பந்தங்களைப் பார்க்க வேண்டும் என்று சமூக ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2022 நவம்பரில், ஆட்சி மாறிய பிறகுதான், அதன் ஒரு பகுதி வெளியே வந்தது. எட்டு வருஷம் அந்த ரகசியம் முதலில் காப்பாற்றியது பெய்ஜிங்கையா, நைரோபியில் கையெழுத்துப் போட்டவர்களையா? பொறி என்ற சொல் இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. ஏனென்றால் பொறியில் எலிக்குப் பங்கு கிடையாது.

2. கவர்ச்சி

இரண்டாவது விளக்கம் இதைவிடப் பழசு. ஜோஷுவா குர்லான்ட்ஸிக் 2007-இல் எழுதிய 'சார்ம் அஃபென்சிவ்' புத்தகம் அதன் முக்கியமான வடிவம். இராக் போரில் அமெரிக்கா மூழ்கிக் கிடந்தபோது, தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சீனா புன்னகையோடு உள்ளே வந்தது என்பது அதன் சாரம். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் யுவானின் மதிப்பைக் குறைக்காமல் நின்றது, கன்ஃபூசியஸ் நிறுவனங்கள், உதவித்தொகைகள், உள்ளூர் மொழி பேசும் தூதர்கள். 2004-இல் சியோலில் தொடங்கிய கன்ஃபூசியஸ் நிறுவனம் மறுவருஷமே நைரோபி பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது.

புத்தகம் படிக்கச் சுவாரசியமானது. களத்துக்குப் போய் எழுதியது தெரிகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் சீனாவின் படை பலத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தபோது, வகுப்பறையையும் தூதரகத்தையும் பார்க்கச் சொன்னது பெரிய விஷயம்.

ஆனால் அடிப்படைக் கருவியில் ஒரு கோளாறு இருக்கிறது. மென்பலம் என்ற சொல்லை உருவாக்கிய ஜோசப் நை அதற்குள் பணத்தைச் சேர்க்கவில்லை. பிறர் நம்மை விரும்பி நம் வழிக்கு வருவதுதான் மென்பலம். குர்லான்ட்ஸிக் இதை விரிக்கிறார். சீனாவும் அதன் அண்டை நாடுகளும் இதைப் பரந்த பொருளில் பார்க்கிறார்கள், எனவே முதலீடு, நிதியுதவி, ராஜதந்திரம் எல்லாம் இதில் அடக்கம் என்கிறார். பீரங்கியைத் தவிர எல்லாமே மென்பலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாடு சீனா பக்கம் சாய்ந்தது ஏன் என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்: மென்பலம். எந்த இன்புட் கொடுத்தாலும் ட்ரூ என்று திருப்பித் தரும் ஃபங்ஷன் மாதிரி. டெஸ்ட் பாஸ் ஆகும், பயன் இருக்காது.

சாலமன் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 36 வருஷம் தைவானோடு உறவு வைத்திருந்த நாடு, 2019 செப்டம்பரில் சீனாவுக்கு மாறியது. மக்கள் சீனாவால் கவரப்பட்டார்களா? மலைட்டா மாகாண முதல்வர் இந்த மாற்றத்தை ஏற்கவே மறுத்தார். 2021 நவம்பரில் தலைநகர் ஹோனியாராவில் கலவரம் வெடித்து சைனா டவுன் எரிந்தது. கவர்ச்சிக் கோட்பாட்டின்படி இது படுதோல்வி. ஆனால் ஐந்து மாதத்தில், 2022 ஏப்ரலில், சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பதறிப்போயின.

என்ன நடந்தது? அங்கே எம்.பி.க்களுக்குத் தொகுதி நிதி என்று ஒன்று உண்டு. தங்கள் தொகுதிக்கு அவர்கள் விருப்பப்படி செலவழிக்கும் பணம். நம்மூர் தொகுதி மேம்பாட்டு நிதியைவிடப் பல மடங்கு தளர்வானது. பல வருஷமாக இந்த நிதிக்குப் பணம் ஊற்றியது தைவான். சீனா வந்ததும் அந்தக் குழாயை அப்படியே தன் பக்கம் மாட்டிக்கொண்டது. 2021-இல் சீனப் பணத்தில் இயங்கிய நிதியிலிருந்து, 50 எம்.பி.க்களில் பிரதமர் மனாசே சோகவாரேயை ஆதரித்த 39 பேருக்குப் பணம் போனதாக ஆவணங்கள் வெளிவந்தன. கலவரத்துக்குப் பின் டிசம்பரில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 32-க்கு 15 என்று அவர் தோற்கடித்தார்.

இதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, செல்வாக்குக்கு மக்களின் பிரியம் தேவைப்படவில்லை. 50 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை போதும். இரண்டு, அந்த வழியைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. ஜனநாயக நாடான தைவான் போட்டுவைத்த பாதை அது. தைவான் செய்தால் உதவி, சீனா செய்தால் ஊடுருவல் என்று எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குர்லான்ட்ஸிக் நேர்மையான ஆள் என்பதையும் சொல்லவேண்டும். பதினைந்து வருஷம் கழித்து ஊடகங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், சீனாவின் முயற்சிகளில் பல எடுபடவில்லை என்ற முடிவுக்கு வருகிறது. பெரும் செலவில் நடத்தும் டிவியைப் பார்ப்பவர் குறைவு. சின்ஹுவா செய்தி நிறுவனம் மட்டும், உள்ளூர்ப் பத்திரிகைகளோடு செய்திப் பகிர்வு ஒப்பந்தம் போட்டு, அந்தப் பத்திரிகைகளின் பெயரிலேயே வாசகரை அடைகிறது என்கிறார். இது நல்ல அவதானிப்பு. காசில்லாத பத்திரிகைக்கு இலவசச் செய்தி வேண்டியிருக்கிறது, சின்ஹுவா கொடுக்கிறது. கவர்ச்சி இல்லை, தேவை.

3. வியாபாரம்

மூன்றாவது விளக்கம் பிராட்டிகமுடையது. 2009-இல் வந்த 'தி டிராகன்ஸ் கிஃப்ட்' இந்தத் துறையில் கட்டாயம் படிக்கவேண்டிய புத்தகம். அவர் 1980-களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் சீன நெல் சாகுபடித் திட்டங்களை ஆராய்ந்தவர். பத்திரிகைகள் சொல்லும் ராட்சத எண்களைப் பிடித்து, இது அறிவிப்பு, இது ஒப்பந்தம், இது உண்மையில் கொடுத்த பணம் என்று பிரித்துக் காட்டுவார். பாதி எண்கள் ஆவியாகிவிடும்.

அவருடைய மிக அழகான வாதம் ஜப்பானைப் பற்றியது. 1970-களின் இறுதியில் சீனா ஏழை நாடு. ஜப்பான் இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் கொடுத்தது. சீனா எண்ணெயும் நிலக்கரியும் அனுப்பி அதை அடைத்தது. இரண்டு பக்கமும் லாபம். பின்னாளில் அங்கோலாவில் சீனா செய்தது, தனக்கு ஜப்பான் செய்ததைத்தான். அதாவது ஆப்பிரிக்காவுக்குத் தான் கடன் வாங்கியவனாக இருந்த அனுபவத்தோடு சீனா வந்தது. இதைப் படித்தபோது ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது. சீன அதிகாரிகள் 'இருதரப்பு நன்மை' என்று திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் மேடைப் பேச்சு என்று தோன்றும். அவர்களில் பலருக்கு அது சொந்த அனுபவம்.

ஆனால் புத்தகத்தின் பலமே அதன் எல்லை. எக்ஸிம் வங்கி, வர்த்தக அமைச்சகம், கட்டுமான நிறுவனங்கள் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. சீனாவை ஆளும் கட்சி மங்கலாகத்தான் தெரிகிறது. பணம் போகும் பாதையைப் பின்தொடரும் ஆய்வு, பணம் அதிகம் போகாத பாதையைப் பார்க்காது. அரசியல் செல்வாக்கில் முக்கியமான சில பாதைகள் மலிவானவை.

4. கட்சி

தான்சானியாவில் டார் எஸ் சலாமுக்குப் பக்கத்தில் கிபாஹா என்ற ஊர். அங்கே 2022 பிப்ரவரியில் ஜூலியஸ் நையரேரே தலைமைப் பண்புப் பள்ளி திறக்கப்பட்டது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் கட்சிப் பள்ளியின் ஆதரவோடு, சுமார் 4 கோடி டாலரில் கட்டியது. அம்பாந்தோட்டையில் போட்ட பணத்தில் சில்லறை. பள்ளி ஆறு கட்சிகளுக்குச் சொந்தம்: தான்சானியாவின் சி.சி.எம்., தென்னாப்பிரிக்காவின் ஏ.என்.சி., மொசாம்பிக்கின் ஃபிரெலிமோ, அங்கோலாவின் எம்.பி.எல்.ஏ., நமீபியாவின் ஸ்வாப்போ, ஜிம்பாப்வேயின் ஜானு-பி.எஃப்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். விடுதலை கிடைத்த நாளிலிருந்து, தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்ததிலிருந்து, தானோ தன் தாய்க்கட்சியோ ஆட்சியை விட்டு இறங்காத கட்சிகள். அவற்றின் இளம் தலைவர்கள் அங்கே வந்து என்ன கேட்பார்கள்? எப்படி ஒரு கட்சி 70 வருஷம் ஆட்சியில் இருப்பது, பொருளாதாரத்தை வளர்ப்பது, உள்ளே உடையாமல் இருப்பது. இந்தப் பாடத்தை வாஷிங்டனோ லண்டனோ சொல்லித்தராது. டெல்லியும் சொல்லித்தராது. அவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சியையும் சந்திப்போம், தேர்தல் நியாயமாக நடக்கவேண்டும் என்பார்கள். ஆட்சியில் இருப்பவனுக்கு அது எரிச்சல்.

இந்த உறவு நேற்று தொடங்கியதில்லை. 1970 முதல் 1975 வரை சீனா தன் சொந்த வறுமைக்கு நடுவில், டார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. வட்டியில்லாக் கடன். உலக வங்கி லாபமில்லை என்று ஒதுங்கிய திட்டம். 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா.வில் சீனாவின் இடம் தைவானிடமிருந்து பெய்ஜிங்குக்கு மாறியபோது ஆதரவாக விழுந்த 76 ஓட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆப்பிரிக்க நாடுகளுடையவை. 1991 முதல் ஒவ்வொரு வருஷமும் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான். ஓட்டை மறக்காதவர்கள்.

அதோடு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சீனாவில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் 2003-இல் 2,000-க்கும் குறைவு. 2018-இல் 81,000-க்கும் மேல். 2015 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில், வருஷத்துக்கு 1,000 ஆப்பிரிக்க ஊடகக்காரர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள். போய் வந்தவர்கள் எல்லாம் சீன பக்தர்களாகத் திரும்புவதில்லை. ஆனால் ஒரு பிரச்சினை வந்தால் யாருக்கு போன் போடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அரசியலில் பாதி வேலை அதுதானே. சோவியத் யூனியன் மாஸ்கோவில் லுமும்பா பெயரில் பல்கலைக்கழகம் நடத்தியதும், இந்தியா 1964 முதல் ஐடெக் பயிற்சி கொடுப்பதும் இதே கணக்கில்தான்.

இதன் பலன் ஓட்டெடுப்புகளில் தெரிகிறது. 2022 அக்டோபரில் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில், ஷின்ஜியாங் பற்றிய ஐ.நா. அறிக்கையை விவாதிக்கலாமா என்று ஓட்டெடுப்பு. கண்டனம்கூட இல்லை, வெறும் விவாதம். 17 ஆதரவு, 19 எதிர்ப்பு, 11 பேர் நழுவினார்கள். இந்தியாவும் நழுவியது. உய்குர் முஸ்லிம்களைப் பற்றிப் பேசவேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், செனகல் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து விவாதத்துக்கு ஆதரவளித்த ஒரே நாடு சோமாலியா. இதில் கத்தார் எந்தக் கடன் பொறியில் மாட்டியிருக்கிறது? தன் நாட்டு விவகாரத்தை நாளைக்கு ஜெனீவாவில் யாரும் பேசக்கூடாது என்று நினைக்கும் அரசுக்கு, இன்றைக்குச் சீனாவைக் காப்பாற்றுவது சொந்த இன்சூரன்ஸ்.

5. நமக்கு இதில் என்ன

இங்கேதான் அம்பாந்தோட்டைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கடன் கையெழுத்தான 2007, போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். மனித உரிமையைக் காரணம் காட்டி மேற்கு நாடுகள் பின்வாங்கிய இடத்தில் சீனா ஆயுதமும் பணமும் ராஜதந்திரக் குடையும் கொடுத்தது. 2009-இல் பாதுகாப்பு மன்றத்தின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை வரவே இல்லை. சீனாவும் ரஷ்யாவும் விடவில்லை. அந்த மே மாதம் ஜெனீவா சிறப்புக் கூட்டத்தில் இலங்கையைப் பாராட்டும் தொனியில் வந்த தீர்மானம் 29-க்கு 12 என்று நிறைவேறியது. சீனா ஆதரவு. இந்தியாவும் ஆதரவு. 2012-இல் இந்தியா மாறி இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. 2021-இல் நழுவியது. சீனா ஒருமுறைகூட மாறவில்லை.

ஆக, கொழும்பு பெய்ஜிங்கிடம் வாங்கியதில் மிக விலை உயர்ந்த பொருள் துறைமுகம் இல்லை. பொறுப்புக்கூறலிலிருந்து பாதுகாப்பு. அதை விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். 2018-இல் நியூயார்க் டைம்ஸ், 2015 தேர்தலில் ராஜபக்ச தரப்புப் பிரச்சாரத்துக்குத் துறைமுகக் கட்டுமான நிறுவனத்தின் கணக்கிலிருந்து குறைந்தது 76 லட்சம் டாலர் போனதாக எழுதியது. அவர் தரப்பு மறுத்தது. கடன் பொறிக் கதையில் இதெல்லாம் எங்கே வைப்பது? அந்தக் கதையில் ராஜபக்ச, ஏமாந்துபோன ஏழை விவசாயி. அதைத் தமிழில், தமிழர்களே உச்சுக்கொட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சீன எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டு கொழும்பு ஆட்சியாளர்களுக்கு நற்சான்று கொடுக்கிறோம்.

சீனாவை இது தப்பிக்க விடுவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஆட்சியாளரின் தேவையை அறிந்து விற்றவருக்குப் பொறுப்பு கூடத்தான் செய்கிறது. வாங்கியவரையும் சேர்த்து எழுதினால்தான் அந்த விற்பனை புரியும்.

6. எது நிற்கிறது, எது விழுகிறது

என் கட்சி சரியென்றால் ஒரு விளைவு வரவேண்டும். செல்வாக்கு ஆட்சியாளரின் தேவையில் நிற்கிறது என்றால், ஆட்சி மாறும்போது அது ஆட்டம் காண வேண்டும். காண்கிறது. 2015-இல் ராஜபக்ச, 2018-இல் மலேசியாவில் நஜீப், அதே வருஷம் மாலத்தீவில் யாமீன், 2021-இல் ஜாம்பியாவில் லுங்கு. நால்வரின் தோல்வியிலும் சீனத் திட்டங்களும் சீனக் கடனும் பிரச்சாரப் பொருள். மலேசியாவில் மகாதிர் கிழக்குக் கடற்கரை ரயில் பாதையை நிறுத்தி, 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடிக்கு இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தார். பொறியில் மாட்டிய எலி இப்படிப் பேரம் பேசாது.

ஆனால் முழுக்க விழுவதும் இல்லை. இலங்கையில் சீன எதிர்ப்பு பேசி வந்த சிறிசேன–ரணில் அரசு, கொழும்பு துறைமுக நகரத்தை 2015-இல் நிறுத்தியது, 2016-இல் மறுபடி தொடங்கியது, 2017-இல் அம்பாந்தோட்டையையும் அவர்களே கொடுத்தார்கள். ஜாம்பியாவில் சீன எதிர்ப்பையே மூலதனமாக வைத்து அரசியல் செய்த மைக்கேல் சாட்டா, 2011-இல் அதிபரானதும் சீன முதலீட்டாளர்களுக்கு விருந்து வைத்தார். எதிர்க்கட்சியில் இருந்தபோது இல்லாத தேவைகள் நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்துவிடுகின்றன. டாலர் வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும், அடுத்த தேர்தலுக்குள் ஒரு பாலம் வேண்டும்.

அதோடு எங்கள் தொழிலில் வெண்டர் லாக்-இன் என்று சொல்வது ஒன்று இருக்கிறது. மேனேஜர் மாறலாம், டேட்டாபேஸ் மாறாது. அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகத்தைச் சீனா 20 கோடி டாலரில் அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தது, 2012-இல் திறப்பு. 2018 ஜனவரியில் பிரெஞ்சு நாளிதழ் லெ மோந்து, ஐந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அந்தக் கட்டடத்திலிருந்து தரவுகள் ஷாங்காய் சர்வர்களுக்குப் போயின என்று எழுதியது. சீனா மறுத்தது. ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையும் மறுத்தது. நெட்வொர்க் வேலை பார்த்த யாருக்கும் இந்தச் செய்தியில் வியப்பு இருக்காது. கட்டடத்தைக் கட்டி, கேபிள் போட்டு, சர்வரும் வைத்துக் கொடுத்தவருக்குச் சாவி தெரியாமலா இருக்கும்?

வியப்பு அடுத்து நடந்ததில்தான். 2023 ஜனவரியில் அதே அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமையகம் திறக்கப்பட்டது. கட்டிக்கொடுத்தது சீனா. லெ மோந்து செய்தி வந்து ஐந்தே வருஷம். இதை ஆப்பிரிக்கர்களின் அப்பாவித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: வேறு யார் கட்டிக்கொடுக்க வந்தார்கள்? எல்லாரும் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒருவர் கட்டடம் கொடுத்தார்.

2022 நெருக்கடியில் இந்தியா இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவி செய்தது. அதே ஆகஸ்டில், இந்தியாவின் ஆட்சேபத்தை மீறி, சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. 2024 ஜனவரி முதல் ஒரு வருஷத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வரக்கூடாது என்று கொழும்பு அறிவித்தது. இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் சின்னவர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு நிற்கிறார். இந்தப் படத்தில் பொறியும் இல்லை, கவர்ச்சியும் இல்லை.

அடுத்த முறை சீனா இன்ன நாட்டை வளைத்துவிட்டது என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்டில் கையெழுத்துப் போட்டவர் யார்? அப்போது அவருக்கு எது அவசரமாகத் தேவைப்பட்டது? அந்த ஒப்பந்தத்தை அவருடைய சொந்த மக்கள் படிக்க முடியுமா? இதே கேள்விகளை, கடன் கொடுத்தவர் டெல்லியாக இருக்கும்போதும் கேட்கவேண்டும்.